கடவுச் சீட்டு யாருக்குச் சொந்தம்?

உழைத்து உண்பதே உயர்வு என்று நம் பெரியோர் கூறுவர். உள்ளூரில் உழைத்தாலும் உலகின் மறு கோடியில் உழைத்தாலும் உழைப்பின் மதிப்பு ஒன்றே. கடல் கடந்து சென்று பொருளீட்டுவது நம் மக்களுக்குப் புதிதன்று. இன்று வளைகுடா நாடுகளில் மட்டும் சுமார் 90 லட்சம் இந்தியர் வாழ்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தால் நம் ஊர்களில் வீடுகள் எழும்புகின்றன. தங்கைமாரின் திருமணங்கள் நடந்தேறுகின்றன. எங்களுள் பலருடைய பள்ளிச் சீருடையும் புத்தகப் பையும்கூட அந்தப் பணத்தில் வாங்கியவையே. ஆனால், அவ்வாறு சென்றவர்களுள் பலரிடம் அவர்களுடைய கடவுச் சீட்டு இல்லை என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

பாஸ்போர்ட் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அந்தச் சிறு நூல், வேலைக்கு அமர்த்தியவரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. சென்று இறங்கிய முதல் நாளே அதை வாங்கி வைத்துக் கொள்கிறார்கள். “அது வழக்கம்தானே” என்று தொழிலாளியும் சொல்கிறார். ஊரில் இருக்கும் குடும்பத்தாரும் சொல்கின்றனர். வழக்கமாக இருக்கலாம். ஆனால் வழக்கமானதெல்லாம் நியாயமாகிவிடாது. ஒருவருடைய கடவுச் சீட்டைப் பிறர் பூட்டி வைப்பது அவரையே பூட்டி வைப்பதற்குச் சமம் என்பதே எங்கள் கருத்து.

சட்டம் கூறுவது என்ன?

இந்தியக் கடவுச் சீட்டின் தொடக்கத்தில் ஒரு வேண்டுகோள் அச்சிடப்பட்டிருக்கிறது. இதனை உடையவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறும், அவருக்குத் தேவையான உதவியும் பாதுகாப்பும் அளிக்குமாறும் இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரால் கேட்டுக்கொள்ளும் வேண்டுகோள் அது. கொத்து வேலைக்குச் செல்பவருக்கும் சமையல் வேலைக்குச் செல்பவருக்கும் அதே வேண்டுகோள்தான். பெரிய பதவியில் இருப்போருக்கும் அதே வேண்டுகோள்தான். ஏழைத் தொழிலாளிக்காக நாடு முழுவதும் எழுந்து நின்று பேசுவது போன்ற அந்தப் பக்கம், யாரும் படிக்க முடியாமல் ஓர் அலமாரிக்குள் கிடக்கிறது.

1967-ஆம் ஆண்டின் கடவுச் சீட்டுச் சட்டம், 17-ஆம் பிரிவில், கடவுச் சீட்டு எக்காலத்தும் மத்திய அரசின் உடைமை என்று கூறுகிறது. அதாவது, அதில் யாருடைய படம் ஒட்டப்பட்டிருக்கிறதோ அவரிடம் அரசு அதை நம்பி ஒப்படைத்திருக்கிறது. அவரே அதை அடகு வைக்க முடியாது என்னும்போது, முன்பின் அறியாத ஒரு முதலாளி அதைப் பிணையாகப் பிடித்து வைப்பது எப்படிப் பொருந்தும்?

சரி, அரசாவது தன் விருப்பப்படி அதைத் திரும்ப எடுத்துக் கொள்ளலாமா? 1977-இல் திருமதி மேனகா காந்தியின் கடவுச் சீட்டை அரசு முடக்கியது; காரணத்தைத் தெரிவிக்கவும் மறுத்தது. அந்த வழக்கில் 1978-இல் தீர்ப்பு வழங்கிய உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தைச் சேர்ந்தது என்றும், நியாயமான நடைமுறையின்றி அதைப் பறிக்கலாகாது என்றும் கூறியது. பின்னர் 2008-இல் வேறொரு வழக்கில், காவல்துறை ஒரு கடவுச் சீட்டைக் கைப்பற்றலாமேயன்றி, அதை முடக்கி வைக்கும் அதிகாரம் கடவுச் சீட்டு அதிகாரிக்கே உண்டு என்றும் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கொடுத்த அரசும் காரணம் சொல்லாமல் எடுக்க முடியாத ஒன்றை, குற்றம் விசாரிக்கும் காவல்துறையும் நெடுநாள் வைத்திருக்க முடியாத ஒன்றை, ஒரு கடைக்காரரோ வீட்டுக்காரரோ ஆண்டுக்கணக்கில் வைத்துக் கொள்கிறார்!

பூட்டு எவ்வாறு விழுகிறது?

வளைகுடா நாடுகளிலும் லெபனான், ஜோர்தான் முதலிய நாடுகளிலும் ‘கஃபாலா’ என்னும் முறை வேரூன்றி வளர்ந்தது. வேலைக்குச் செல்பவருக்கு அந்நாட்டவர் ஒருவர் அல்லது ஒரு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். அவரே ‘கஃபீல்’. விசா அவர் பெயரால் வருகிறது. ‘அக்காமா’ எனப்படும் தங்கும் அனுமதியை எடுப்பவரும் புதுப்பிப்பவரும் அவரே. வேறு வேலைக்கு மாறவும், சில நாடுகளில் ஊர் திரும்பவும்கூட அவருடைய சம்மதம் வேண்டியிருந்தது. சொல்லாமல் வெளியேறினால் ‘ஓடிவிட்டார்’ என்று அவர் புகார் கொடுக்கலாம். அந்த நொடியிலிருந்து தொழிலாளி சட்டத்துக்குப் புறம்பானவர் ஆகிவிடுவார். இத்தனை கட்டுகளுக்கும் மேலே போடப்படும் கடைசி முடிச்சுதான் கடவுச் சீட்டைப் பறிப்பது.

அந்த முடிச்சு விழுந்தபின் நடப்பதை எளிதில் ஊகிக்கலாம். பேசிய சம்பளம் வேறு, கொடுக்கும் சம்பளம் வேறாக இருந்தாலும் வாய் திறக்க முடியாது. ஓய்வு நாள் இல்லை என்றாலும் கேட்க முடியாது. காவல் நிலையம் செல்லவும் அச்சம். தாம் யார் என்று காட்டச் சீட்டு வேண்டுமே! சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டாய உழைப்பை அடையாளம் காண 11 அறிகுறிகளைக் குறித்திருக்கிறது. சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனில் கட்டி வைப்பது ஆகியவற்றோடு அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைப்பதும் அவற்றுள் ஒன்று. 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தனர் என்பது அந்த அமைப்பும் பிற அமைப்புகளும் சேர்ந்து செய்த மதிப்பீடு. அவர்கள் எல்லாருடைய காலிலும் இரும்புச் சங்கிலி இருந்திருக்காது. சிலருக்கு ஒரு காகிதம் இல்லாததே சங்கிலியாக இருந்திருக்கும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கணவரை இழந்தபின், நாற்பது வயதை நெருங்கும் வேளையில், வளைகுடா நாடு ஒன்றுக்கு வீட்டு வேலைக்குச் சென்றார். அந்த வீட்டார் அவரை அடிக்கவில்லை. சம்பளத்தையும் பெரும்பாலும் கொடுத்து வந்தனர். அக்காவே அவர்களை ‘நல்லவர்கள்’ என்றுதான் சொல்வார். ஒரு நாள் அவருடைய தாயார் இறந்த செய்தி தொலைபேசியில் போனது. அன்றிரவே புறப்பட அவரிடம் பணம் இருந்தது. கடவுச் சீட்டு இல்லை. அது வீட்டுத் தலைவரின் பெட்டியில் இருந்தது. அவரோ வெளிநாடு சென்றிருந்தார். சாவி அவரிடம் இருந்தது. அக்கா ஊர் வந்து சேர்ந்தபோது முப்பதாம் நாள் பூசையும் முடிந்திருந்தது. கல்லறைமேல் போட்டிருந்த பூக்கள் காய்ந்துபோயிருந்தன. கொடியவர் கையில் மட்டுமல்ல, நல்லவர் கையில் இருந்தாலும் பிறருடைய கடவுச் சீட்டு தீங்கே செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

முதலாளிகளின் வாதம்

இதைத் தடுக்கச் சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. குவைத்தில் 2015-ஆம் ஆண்டின் வீட்டுப் பணியாளர் சட்டம் அதைத் தடுக்கிறது. கத்தாரில் அதே 2015-இல் இயற்றிய சட்டம், கடவுச் சீட்டைப் பிடித்து வைப்பவருக்கு 25,000 ரியால் வரை அபராதம் விதிக்க வழி செய்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் அதைத் தடை செய்கிறது. நம் மக்கள் பெருமளவில் வேலைக்குச் செல்லும் மலேசியாவிலும், சட்டப்படியான அதிகாரமின்றிப் பிறருடைய கடவுச் சீட்டை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். ஆக, சட்டம் ஏட்டில் இருக்கிறது. கடவுச் சீட்டு பெட்டியில் இருக்கிறது.

முதலாளிகள் இரண்டு காரணங்களைக் கூறுவதுண்டு. முதலாவது, ‘பாதுகாப்புக்காகத்தான் வைத்திருக்கிறோம்; அவர்களிடம் கொடுத்தால் தொலைத்து விடுவார்கள்’ என்பது. இதில் சிறிதளவு உண்மை உண்டு. ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் தங்கும் இடத்தில் பொருள் தொலைவது இயல்பே. அதற்கு ஆளுக்கொரு சிறு பெட்டியும் பூட்டும் கொடுத்தால் போதுமே! வங்கிப் பெட்டகத்தில் நம் நகையை வைத்தால் சாவியை நம்மிடம்தானே தருகிறார்கள்? கேட்டவுடன் திரும்பக் கிடைத்தால் அது பாதுகாப்பு. கேட்டவரிடம் ‘எதற்கு?’ என்று வினவினால் அதற்குப் பெயர் பாதுகாப்பன்று.

இரண்டாவது, ‘விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் நாங்கள் செலவு செய்திருக்கிறோம், பாதியில் ஓடிவிட்டால் நஷ்டம் யாருக்கு?’ என்பது. நஷ்டம் ஏற்படும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் நஷ்டத்தை ஈடு செய்ய ஒப்பந்தம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுக்கலாம். கடன்பட்டவரின் காலைக் கட்டி வீட்டில் போட்டு வைக்கலாமா? அதுமட்டுமன்று. நல்ல சம்பளமும் மரியாதையும் கிடைக்கும் இடத்திலிருந்து எவரும் ஓடுவதில்லை. தொழிலாளி ஓடிவிடுவார் என்று அஞ்சுபவர், அவர் ஏன் ஓட நினைக்கிறார் என்பதைத் தம்மைத்தாமே கேட்டுக் கொள்ள வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ‘அவரே எழுதிக் கொடுத்தார்’ என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். கத்தார் சட்டமும், தொழிலாளி எழுத்துமூலம் கேட்டுக் கொண்டால் முதலாளி வைத்திருக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. ஊரில் நகையை அடகு வைத்துவிட்டு, மொழி தெரியாத நாட்டில் வந்து இறங்கி, புரியாத எழுத்தில் நீட்டப்படும் தாளில் போடும் கையெழுத்து சம்மதமாகுமா? 1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியிருக்கிறது. பசியும் வறுமையும் வேறு வழியின்றி ஒருவரைக் குறைந்த கூலிக்கு உழைக்கச் செய்தால் அதுவும் வற்புறுத்தலே என்றது அத்தீர்ப்பு. டெல்லியின் மைதானங்களுக்குப் பொருந்தும் அந்த நியாயம், 2022-இல் உலகக் கால்பந்துப் போட்டி நடந்த கத்தார் மைதானங்களைக் கட்டியவர்களுக்கும் பொருந்தும் அல்லவா?

பழைய துண்டும் புதிய பூட்டும்

தமிழருக்கு இந்தப் பூட்டு புதிதல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோர் ‘துண்டு’ என்ற ஒன்றை அறிந்திருந்தனர். இன்ன கடனைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு அது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குச் செல்ல முடியாது. கடனோ கங்காணியின் கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். 1921-இல் சட்டத்தின் மூலம் அந்த முறை ஒழிக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னும், வேறு வேலைக்கு மாற முதலாளியின் தடையில்லாச் சான்றுக்காகக் கைகட்டி நிற்கும் தொழிலாளியைப் பார்க்கும்போது, துண்டின் பெயர்தான் மாறியது என்று தோன்றுகிறது.

மாற்றம் வரவே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. கத்தார் 2020-இல் தடையில்லாச் சான்று முறையை நீக்கியது. சவூதி அரேபியாவும் 2021 மார்ச்சில் வேலை மாறுவதையும் நாடு திரும்புவதையும் எளிதாக்கியது; ஆனால் வீட்டுப் பணியாளர்கள் அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. எங்கும் கடைசியாக நினைக்கப்படுபவர்கள் அவர்களே. தொழிற்சாலையில் நூறு பேர் இருப்பர். ஒருவருக்கு ஒருவர் துணை. வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கோ கதவு சாத்தப்பட்டால் சாட்சியே இல்லை. 2020-இல் லெபனானில் பொருளாதாரம் சரிந்தபோது, எத்தியோப்பியப் பெண்கள் பலரை வீட்டுக்காரர்கள் காரில் ஏற்றி வந்து தலைநகர் பெய்ரூத்திலுள்ள அவர்கள் நாட்டுத் தூதரக வாசலில் விட்டுச் சென்றனர். பலருக்குச் சம்பளமும் இல்லை; கடவுச் சீட்டும் இல்லை. தெரு ஓரத்தில் படுத்து உறங்கினர்.

வீட்டுப் பணியாளருக்கான 189-ஆம் சர்வதேச உடன்படிக்கை 2011-இல் நிறைவேறியது. பயணப் பத்திரங்களைத் தம்மிடமே வைத்துக் கொள்ளும் உரிமை அதன் 9-ஆம் பிரிவில் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. 2025-இல் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும், 2018-ஆம் ஆண்டின் குடியேற்றத்தார், அகதிகள் உலக நாளுக்கு விடுத்த செய்தியில், அடையாளப் பத்திரங்களைத் தம்மிடமே வைத்துக்கொள்வதும், வங்கிக் கணக்குத் தொடங்குவதும் குடியேறியவருக்கு உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்று குறிப்பிட்டார். பெரிய செய்திகளுக்கு நடுவே இத்தனை சிறிய பொருளை அவர் மறவாமல் குறித்தது எங்களுக்கு வியப்பாக இருந்தது. வியக்க ஒன்றுமில்லை, ஏழையின் மானம் சிறிய பொருள்களில்தான் அடங்கியிருக்கிறது.

நம் வீட்டு வாசலில்

அயல்நாட்டு முதலாளியை மட்டும் குறை கூறிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. கடவுச் சீட்டு முதலில் கைமாறுவது பல நேரங்களில் நம் ஊர் ஏஜெண்டின் மேசையில்தான். விசா அடிக்க வேண்டும் என்று வாங்குபவர், கமிஷன் பாக்கி தீரும்வரை தருவதில்லை. பதிவு பெற்ற முகவர் வேலைக்கு அனுப்ப வாங்கக்கூடிய கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்தான் என்பது எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்? தாலிக்கொடி வரை அடகுக் கடைக்குப் போகிறதே!

பெண்களாகிய நாங்களும் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவருடைய கடவுச் சீட்டில், வேலைக்குச் செல்லக் குடியகல்வு அனுமதி வேண்டும் என்பது பொதுவாகக் குறிக்கப்படும். அவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின், 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். அவர்களுள் 30 வயது நிரம்பாத பெண்களுக்கு அந்த அனுமதி தரப்படுவதில்லை. பத்தாம் வகுப்பில் தேறிவிட்டாலோ இந்தச் சோதனை எதுவும் இல்லை. அதாவது, எங்கள் வகுப்பைத் தாண்டிய பெண் தன்னைத் தானே காத்துக்கொள்வாள் என்று அரசு நம்புகிறது! இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க எங்களுக்குத் தெரியும். ஒரு வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கத் தெரியுமா? தூதரகம் எதற்கு இருக்கிறது என்று தெரியுமா? தெரியாமலே அந்த நம்பிக்கைக்கு உரியவர்கள் ஆகிவிடப் போகிறோம்.

உள்நாட்டிலும் இதே பூட்டு வேறு உருவில் தொங்குகிறது. நம் மாநிலத்து நூற்பாலைகள் சிலவற்றில், எங்கள் வயதுப் பெண்களை விடுதியில் வைத்து, மூன்றாண்டு முடிந்தால்தான் மொத்தப் பணம் என்று கூறிய ‘சுமங்கலித் திட்டம்’ என்ன? அங்கே பிடித்து வைத்தது சம்பளம். இங்கே கடவுச் சீட்டு. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவிக்க வேண்டி வந்ததே, அது ஏன்? ஒருவருக்கு இன்றியமையாத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பணிய வைக்கும் ஆசை நம்மிடமும் இருக்கிறது என்பதால்தானே?

செய்ய வேண்டியவை

இவற்றைப் போக்க வழியில்லாமல் இல்லை. அடையாளப் பத்திரங்களைத் தனியார் பறிப்பது சட்டவிரோதம் என்று கூறும் ஐக்கிய நாடுகளின் 1990-ஆம் ஆண்டு உடன்படிக்கையை நம் அண்டை நாடான இலங்கை 1996-லேயே ஏற்றுக்கொண்டது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை, ஏற்க வேண்டும். உலகெங்கும் தன் மக்களை உழைக்க அனுப்பும் நாட்டுக்கு அது அழகு. அடுத்து, கடவுச் சீட்டு தொழிலாளியிடமே இருக்கும் என்ற ஒரு வரி ஒவ்வொரு வேலை ஒப்பந்தத்திலும், தமிழில், அவர் படிக்கும்படி இருக்க வேண்டும். முதலாளி மீறினால் மறுமுறை அவருக்கு இங்கிருந்து ஆள் அனுப்பக் கூடாது. அபராதத்துக்கு அஞ்சாதவரும் ஆள் கிடைக்காது என்றால் அஞ்சுவார்.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் உண்டு. புறப்படுமுன் கடவுச் சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றுக்கும் படி எடுத்து வீட்டில் வைத்துக் கொள்ளுங்கள். கடவுச் சீட்டு கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப அவசரச் சான்று வழங்கும் அதிகாரம் இந்தியத் தூதரகத்துக்கு உண்டு. அப்போது அந்தப் படியே பேருதவியாகும். முகவர் பதிவு பெற்றவரா என்று விசாரியுங்கள். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தை நடத்தி வருகிறது, அங்கும் கேளுங்கள். தொலைபேசியில் பேசும்போது ‘பணம் அனுப்பினாயா?’ என்று கேட்பதோடு, ‘பாஸ்போர்ட் உன்னிடம் இருக்கிறதா?’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் அருட்சகோதரியரிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள், பத்தாம் வகுப்பு மாணவியருக்கும் அவர்தம் தாய்மாருக்கும், வேலை ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி, கடவுச் சீட்டைக் காப்பது எப்படி என்று கற்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு வழக்கறிஞர் ஒருவரும், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய நம் பங்கு மக்கள் இருவரும் போதும். எங்களுள் சிலர் செவிலியராவோம். சிலர் கணக்கு எழுதுவோம். சிலர் பிறர் வீட்டுக் குழந்தையை வளர்க்கவும் செல்வோம். வேறு சிலர் பிறரை வேலைக்கு அமர்த்தும் நிலைக்கும் உயர்வோம். செல்பவர் தம் கடவுச் சீட்டைப் பிறரிடம் விடாதிருக்கவும், அமர்த்துபவர் பிறருடையதை ஒருநாளும் கேளாதிருக்கவும் இப்போதே கற்றுக் கொள்வோம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி